குண்டன் கடைசியில்தான் காய்வான்

என் தங்கையின் தலையை ஒரு லிஃப்ட் மெக்கானிக் காயவைத்துவிட்டான் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

முதலில் அந்தத் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலை துவட்டுவதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைப்பீர்கள். அவளுடையது சடைமுடி. பின்னி ரிப்பன் கட்டுகிற சடை இல்லை. முடியைத் திரித்துத் திரித்து, கயிறு கயிறாக இறுகவிட்டு வளர்த்தது. ட்ரெட்லாக்ஸ் என்பாள். மொத்தம் ஐம்பத்தெட்டு, இடுப்பு வரை தொங்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோலத்தில் வந்து நின்றபோது, "சாமியாராப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிடு, ஒரு தட்டு குறைச்சு வைக்கிறேன்" என்றேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நடுங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். துண்டை எடுத்தது நான்தான். அன்றிலிருந்து அது என் வேலை.

சடைமுடி குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். நடுத்தண்டில் ஈரம் ஒளிந்துகொண்டிருக்கும். வெயில் காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே மதியத்துக்குள் காய்ந்துவிடும். குளிர்காலத்தில் ஆறு மணி நேரம், சில நாள் ஏழு. அதற்குள் கட்டினாலோ, தொப்பி போட்டாலோ, சாய்ந்து படுத்தாலோ உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் போகாது, வெட்டித்தான் எறியவேண்டும். குளிர் முடிகிறவரை குளிக்காமல் இரேன் என்றால் அதுவும் முடியாது. அவள் மரப்பட்டறையில் கதவும் ஜன்னல் சட்டமும் இழைக்கிறவள். மரத்தூள் சடைக்குள் போய்க் குடியேறிவிடும். வெளியே பனி கொட்டினாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைக்குக் குளித்தே ஆகவேண்டும்.

ஈரம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, எனக்குச் சம்பளமே அதற்குத்தான். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் வருகிற பெரிய லாண்டரியில், ரோலர் மெஷினின் முடிவில் நிற்கிறேன். சூடாக வெளியே வருகிற விரிப்பின் தையல் ஓரத்தை எடுத்து உதட்டில் வைத்துப் பார்ப்பேன். விரலுக்குச் சூடுதான் தெரியும். உதட்டுக்கு ஈரம் தெரியும். ஓரத்தில் ஈரம் உள்ள ஒரே ஒரு விரிப்பு போதும், அடுக்கு முழுக்க நாறிவிடும். அங்கே என் பெயரே 'மீட்டர்'தான். மெஷின் சத்தத்தில் கத்தி மாளாது என்பதால் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஈரம் என்றால் "இன்னும்" என்று ஒரே சொல். விரிப்பு திரும்ப உள்ளே போகும். காய்ந்திருந்தால் பேச்சே கிடையாது. நான் கையை விட்டதும் அடுத்தவர் மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் குளியலறையிலிருந்து வருவாள். ஹீட்டருக்கு முன்னால் குட்டை ஸ்டூலில், எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். லாண்டரியில் கழித்துப்போட்ட பழைய விரிப்புகளைக் கிழித்து வைத்திருப்பேன். ஒவ்வொரு சடையையும் துணிக்குள் சுற்றி, வேரிலிருந்து நுனி வரை அழுத்தி அழுத்தி இறக்கவேண்டும். முறுக்கக் கூடாது. ஐம்பத்தெட்டும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு ஹீட்டரின் வேலை. அப்புறம் அடிக்கடி ஒரு சடையை எடுத்து உதட்டில் வைப்பேன். பின்கழுத்தில் மூன்று சடைகள் ஒட்டி ஒன்றாகிப்போன தடியன் ஒருவன் உண்டு. குண்டன் என்று பெயர் வைத்திருந்தோம். எல்லாம் காய்ந்து முடித்த பிறகும் குண்டன் ஒரு மணி நேரம் முரண்டு பிடிப்பான். "இன்னும்" என்பேன். உட்கார்ந்திருப்பாள். மறுபடி பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல் குண்டனைக் கீழே விட்டேன் என்றால், திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஹீட்டரை அணைத்துவிடுவாள்.

அந்த ஏழு மணி நேரமும் எனக்கு. ஆரஞ்சு உரித்து அவள் தோளுக்கு மேல் நீட்டுவேன். பட்டறையில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், வீட்டுக்காரம்மா மாடியில் எதை உருட்டுகிறாள், எல்லாம் அப்போதுதான் பேசுவோம். சண்டையும் அப்போதுதான். முகம் பார்க்காமல் சண்டை போடுவது எவ்வளவு சுகம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதில் வருத்தமும் இல்லை. வாரம் முழுக்க ஊரார் விரிப்பில் உதட்டை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு, அந்த ஞாயிறு போதுமாக இருந்தது.

எங்கள் கட்டட லிஃப்ட், போன இலையுதிர் காலத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே என் தங்கை. வெளியே எடுக்க வந்தவன் அந்த மெக்கானிக். நாற்பது நிமிஷம் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே வேலை பார்த்தானாம். அப்படி என்னதான் பேசினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மேலே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே, இது லிஃப்டோடு முடிகிற விஷயமில்லை என்று புரிந்துவிட்டது.

நல்லவன்தான். அதுதான் எனக்குக் கஷ்டம். ஏதாவது குறை சொல்லலாமென்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அக்கா அக்கா என்று அடக்கமாகப் பேசுவான். குடித்த டம்ளரைக் கழுவி வைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஓரமாக உட்கார்ந்து, நான் துணி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏதோ மோட்டாரைப் பிரித்துப் போட்ட மாதிரி அவ்வளவு கவனம்.

அப்புறம்தான் ஆள் குறைச்சல் என்று லாண்டரியில் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டார்கள். "தலைக்குக் குளிக்காதே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால், ஸ்டூலில் அவள், பின்னால் அவன். என் துணிக் கிழிசல்கள் அவன் கையில்.

"அக்கா, சரியான நேரத்துக்கு வந்தே. குண்டனப் பாரு" என்றாள்.

காலணியைக் கழற்றிவிட்டுப் போய் உதட்டில் வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நடுத்தண்டு வரை மொறமொறவென்று காய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் விட்டேன். அவள் ஹீட்டரை அணைத்தாள்.

"ஏன், அக்கா ஒண்ணுமே சொல்லல?" என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

"சொல்லலன்னா பாஸ்னு அர்த்தம்டா" என்று சிரித்தாள்.

அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தப்பாகச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். சரியாகச் செய்துவிட்டானே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து ஒருமுறை நான், ஒருமுறை அவன் என்று ஆயிற்று. பிறகு இரண்டுமுறை அவன் என்று ஆயிற்று. கை சும்மா இருக்காதவன், ஒரு கருவி வேறு செய்துகொண்டு வந்தான். பிளாஸ்டிக் குளியல் தொப்பி ஒன்றில் ஓட்டை போட்டு, பழைய வேக்குவம் கிளீனர் குழாயை மாட்டி, மறுமுனையில் ஹேர் டிரையர். போட்டுக்கொண்டால் நிலாவுக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி இருந்தாள். நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அவள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. நான் சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகவே கழுவினேன்.

ஜனவரி மாதத்து ஞாயிறு அது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி படிந்திருந்தது. அவன் அவள் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு அவனுடைய அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும், முதல் சந்திப்பு. டிரையர் சத்தத்தை மீறிக் கத்திக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, வீடு பாத்துட்டோம். ஆத்துக்கு அந்தப் பக்கம். அடுத்த மாசம் போறோம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வார்கள்?

"உனக்கும் நிம்மதிதான். ஞாயித்துக்கிழமை முழுக்க என் தலையக் கட்டிக்கிட்டு அழவேண்டாம். இவன் பாத்துக்குவான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்தாள். ஆனால் ஒன்பது வருஷத்து வேலையிலிருந்து, என்னைக் கேட்காமலே எனக்கு விடுதலை கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

இரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, நேரமாச்சு. குண்டனப் பாத்துடு."

அவன் தொப்பியைக் கழற்றி வழிவிட்டான். குண்டனை எடுத்து உதட்டில் வைத்தேன். மேலே சூடு. அழுத்திப் பிடித்தேன். உள்ளிருந்து சில்லென்று ஈரம் வந்தது. சந்தேகமே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம், குறைந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அந்த நொடியில் எனக்குத் தோன்றியது இதுதான்: நாறட்டும். லேசாக ஒரு வாடை வரட்டும். அந்த அம்மாவின் வீட்டில் வைத்தே வரட்டும். அப்போது தெரியும் யார் கை கை என்று.

குண்டனைக் கீழே விட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி ஹீட்டரை அணைத்தாள். சடைகளைச் சுருட்டிக் கட்டி, மேலே கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, "வரேன் அக்கா" என்று போனாள். இரண்டு பேரும் படியில் சிரித்துக்கொண்டே இறங்குகிற சத்தம் கேட்டது. ஆரஞ்சு ஒன்றை உரித்தேன், தின்ன முடியவில்லை.

அன்று ஒன்றும் நாறவில்லை. அவனுடைய அம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. அந்த வாரம் குளிர் உச்சம். பட்டறையில் ஒரு ஹீட்டர் பழுது. அவள் நாள் முழுக்கத் தொப்பியைக் கழற்றவே இல்லை. புதன்கிழமை அவள் என்னைக் கடந்து போனபோது மூக்கில் பட்டது. ஈரத்தோடு மடித்த விரிப்பின் வாடை. ஊருக்கெல்லாம் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆகும். எனக்குப் புதன்கிழமையே தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாளே. வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் யாரோ ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்களாம். கண் கலங்க வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை வினிகர் கலந்து இரண்டு முறை அலசினாள். ஞாயிறு காலை அவன் வந்ததும், டார்ச் அடித்துப் பின்கழுத்துச் சடைகளை விலக்கிப் பார்த்தான். ஊசியால் குண்டனின் நடுவைக் கொஞ்சம் பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. பக்கத்துச் சடைகளிலும் அதே.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "என் தப்புதாங்க அக்கா. அவசரத்துல மெஷின ஜாஸ்தியா வெச்சுட்டேன். மேல காஞ்சு உள்ள நின்னுடுச்சு."

இதற்காகத்தான் அன்றைக்கு வாயை மூடினேன். இதோ, அவன் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு இனிக்கவில்லை.

"உன் தப்பு இல்ல" என்றாள் தங்கை. "அக்கா பாத்தா. அக்கா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அப்போ அது காஞ்சதுதான். பட்டறையில பனி பட்டிருக்கும், இல்ல வார்னிஷ் ஏதாவது."

"அக்காவும் மனுஷிதானே. ஒருவேள…"

"அக்கா தப்பா பாக்கமாட்டா." அவனிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "அக்கா, இனிமே நீயே பண்ணு. இந்த மெஷினெல்லாம் வேணாம். புது வீட்டுலேந்து ஞாயித்துக்கிழமை இங்க வந்துடறேன்" என்றாள்.

அவன் அந்தக் குழாயைத் தொப்பியிலிருந்து கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தான். பாம்பாட்டி கடையைக் கட்டுகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வரவேண்டிய காட்சி. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது, அவன் தோற்றுவிட்டான், அவள் வாயால் என்னைப் புகழ்ந்தும் ஆயிற்று. நான் இன்னொருமுறை சும்மா இருந்தால் போதும். அதில்தான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே.

அவள் தன் மூக்கையே நம்பாமல் என்னை நம்பிக்கொண்டு நின்றாள். என்னால் தாங்க முடியவில்லை.

"ஈரமா இருந்துச்சு" என்றேன்.

"எது?"

"குண்டன். போன ஞாயிறு. உதட்டுல வெச்சப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

குழாய் சுருட்டுகிற சத்தம் நின்றது. அவள் என்னையே பார்த்தாள். ஒன்பது வருஷம் முதுகைக் காட்டி உட்கார்ந்தவள், இப்போது கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"ஏன்?"

"பொறாமை" என்றேன். "இவன் மேல. வேற ஒண்ணுமில்ல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அழுது ஒரு வழியாக முடித்திருப்பேன். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். என்னைத் தாண்டிப் போய் அவன் கையில் கொடுத்தாள். ஸ்டூலை ஹீட்டர் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் தயங்கி என்னைப் பார்த்தான். "வெட்டு" என்றாள்.

ஒன்பது சடைகள் போயின. குண்டன் கடைசியில். கத்தரிக்கு அந்தத் தடியன் சுலபத்தில் மசியவில்லை. மூன்று நான்கு முறை கடித்துக் கடித்துத்தான் வெட்டவேண்டியிருந்தது. தரையில் விழுந்ததை யாரும் எடுக்கவில்லை. அவர்கள் போன பிறகு நான்தான் பெருக்கினேன்.

அடுத்த மாதம் என்று சொன்னவள் அடுத்த வாரமே போய்விட்டாள். போனில் கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிரா, குளிர். லாண்டரியில் அந்த நாட்களில் காய்ந்த விரிப்பைக்கூட இரண்டுமுறை உள்ளே அனுப்பினேன். "மீட்டர் ரிப்பேர்" என்று கேலி பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹீட்டரைப் போட்டு, ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஆறாவது ஞாயிறு கதவு தட்டுகிற சத்தம். அவள், தலையில் துண்டு, துண்டுக்கு மேல் தொப்பி, தொப்பி ஓரத்தில் தண்ணீர். பின்னால் அவன், குழாயைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு.

"அங்க கரண்ட் இல்ல" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைக் காட்டினாள்.

ஆற்றைத் தாண்டி, ஈரத் தலையோடு, இந்தக் குளிரில் இவ்வளவு தூரம் வரவேண்டுமென்றால், வழியில் கரண்ட் உள்ள வீடு ஒன்றுகூடவா இல்லை என்று கேட்கத் தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். துணிகளை எடுத்தேன். நாற்பத்தொன்பது சடைகள். பாதியை நான் துவட்டினேன், பாதியை அவன். பின்கழுத்தில் வெட்டிய இடத்தில் கட்டை முடி குத்திட்டு நின்றது. ஆரஞ்சு உரித்து நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மணி நேரம் ஆன பிறகு, காதோரச் சடை ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தேன். "இன்னும்" என்றேன். அவள் உட்கார்ந்தே இருந்தாள். அரை மணி கழித்து மறுபடி பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் கீழே விட்டேன்.

ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. அவள் கை நீளவில்லை.

"வாயத் திறந்து சொல்லு" என்றாள்.

"காஞ்சிடுச்சு."

அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். "நீயும் ஒரு தடவ பாரு" என்றாள் அவனிடம்.

அவன் சங்கடத்தோடு என்னைப் பார்த்தான். நான் நகர்ந்து வழிவிட்டேன். அதே சடையை எடுத்து, நான் வைக்கிற மாதிரியே, உதட்டில் அழுத்தி வைத்தான். வயிறு எரிந்தது, பழைய இடத்திலேயே, கொஞ்சமும் குறையாமல்.

"காஞ்சிடுச்சு" என்றான்.

அப்புறம்தான் அவள் ஹீட்டரை அணைத்தாள்.